மீனாவுக்கு, ஷட்டர் தூக்காத கடை பற்றி

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனா,

உங்கள் டைல்ஸ் பட்டறையின் சைட் கூகுளில் ஏன் முன்னால் வரவில்லை என்று கேட்டு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஏழையும் வரிசையாகக் கேட்டேன். கடைசியில் பின்னாலிருந்து மாமா யாரையோ "கண்ணாடியைத் தொடைக்காம ஊத்தாதடா" என்று சத்தம் போட்டது காதில் விழுந்ததும், ஆத்தங்குடிப் பட்டறையின் ஈரச் சிமெண்ட் வாசனையே இங்கே வந்துவிட்டது. இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிடி, எவ்வளவு ஆகும், அதைச் சொல்லு" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவள் பன்னிரண்டாவது வந்துவிட்டாள், அதனால் டிவி பார்க்க எனக்குத் தடை. முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்கிறார். நான் நாள்தோறும் ஒரு சாக்கு கண்டுபிடிக்கிறேன்.

"30 நாளில் கூகுளில் முதல் பக்கம், மாதம் 15,000 ரூபாய்" என்று போன் செய்தவருக்குப் பணம் எதுவும் அனுப்பிவிடாதே. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

நேற்று ராத்திரி உன் சைட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் உன் முகவரியைப் போட்டால், உன் பக்கங்களில் எதையெல்லாம் அது எடுத்து வைத்திருக்கிறது என்று காட்டும். ஒன்றுகூட வரவில்லை. எட்டாவது பக்கத்தில் கிடக்கிறோம் என்று நீ புலம்பினாய், ஆனால் நீ எந்தப் பக்கத்திலும் இல்லை! நீ அனுப்பிய பாஸ்வேர்டைப் போட்டு, உன் சைட்டை நடத்துகிற வேர்ட்பிரஸ் மென்பொருளுக்குள் போனேன். செட்டிங்ஸில் ரீடிங் என்று ஓர் இடம். அங்கே ஒரு சின்னக் கட்டம், தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதற்கு. அதில் டிக் இருந்தது. சைட் அரைகுறையாக இருக்கும்போது வெளியே தெரியக் கூடாது என்று அதைப் போடுவார்கள், திறக்கிற அன்று எடுக்க மறந்துவிடுவார்கள். கடை கட்டி, லைட் போட்டு, போர்டு மாட்டி, எட்டு மாதமாக ஷட்டரை மட்டும் தூக்கவில்லை நீ. சைட் செய்து கொடுத்த கொழுந்தனார் பையனைத் திட்டாதே. இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன்.

டிக்கை எடுத்துவிட்டேன். சர்ச் கன்சோல் என்று சைட் வைத்திருப்பவர்களுக்கு கூகுளே தரும் கருவியில் உன் சைட்டைச் சேர்த்து, உன் பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பும் கொடுத்தாயிற்று. அது இலவசம்தான். அந்த 15,000 ரூபாய்க்காரர் வந்திருந்தால் முதல் நாளே இதைச் செய்துவிட்டு, மாதக் கடைசியில் "பாருங்க மேடம், ஜீரோவிலிருந்து எங்க வந்துட்டோம்" என்று கிராஃப் காட்டியிருப்பார். நீயும் தீபாவளிக்கு அவருக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பியிருப்பாய்.

அவரைக் கேலி செய்ய எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். 2011இல் நான் தனியாகத் தொழில் ஆரம்பித்த புதிது. இங்கே ஒரு பம்ப்செட் கம்பெனிக்காரர் என்னை நம்பி சைட்டைக் கொடுத்தார். பிற சைட்டுகள் நமக்குத் தரும் லிங்க்கை, ஊரில் நாலு பேர் நம்மைப் பற்றி நல்லதாகச் சொல்வதுபோல் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். லாரி பேஜும் செர்கெய் பிரினும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது யோசித்ததே அதுதான். நான் என்ன செய்தேன்? அந்த நாலு பேரைக் கூலிக்குப் பிடித்தேன். மோட்டாருக்கும் சமையலுக்கும் ஜாதகத்துக்கும் கலந்து கிடந்த குப்பை சைட்டுகளில் மொத்தமாக லிங்க் வாங்கிப் போட்டேன். மூன்று மாதத்தில் முதல் பக்கம். 2012 ஏப்ரலில் கூகுள், இப்படிப் போலி லிங்க் போட்டவர்களைப் பிடிக்க 'பெங்குயின்' என்று ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஒரே வாரத்தில் அவர் சைட் போன இடம் தெரியவில்லை. ஆபீசுக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை, காபி வாங்கிக் கொடுத்தார். அதுதான் இன்னும் குத்துகிறது. இந்த லிங்க்குகளை எங்கள் கணக்கில் சேர்க்காதே என்று சொல்ல கூகுள் அந்த அக்டோபரில்தான் ஒரு வழி கொடுத்தது. பட்டியல் போட்டுப் போட்டு ஒரு வருஷம் போயிற்று எனக்கு.

சரி, உன் சைட். பஸ்ஸில் வரும்போது என் போனில் திறந்தேன். சிங்காநல்லூர் சிக்னலில் தட்டியது, அடுத்த ஸ்டாப் வரைக்கும் வெள்ளைத் திரைதான். முகப்பில் ஒன்பது போட்டோ, ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து இறக்கிய சைஸிலேயே, 6 எம்பிக்கு மேல். முக்கியமான படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். படங்களைச் சுருக்கினால் ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் அடங்கும், பூவேலைப்பாடு ஒன்றும் கெடாது. அதை நானே செய்து தருகிறேன். போன் நம்பரைப் படத்துக்குள் எழுதியிருக்கிறீர்கள், தட்டினால் கால் போகாது. கூகுளில் தெரிகிற தலைப்பு எல்லாப் பக்கத்துக்கும் 'ஹோம்'. கீவேர்ட்ஸ், அதாவது தேடுசொற்கள் என்று, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அறுபது வார்த்தை அடுக்கியிருக்கிறான் பையன். தர வரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது, பாவம்.

இதெல்லாம் ஒரு வார வேலை. பெரிய வேலை உன்னுடையது, மீனா. உன் சைட்டில் "பாரம்பரியமும் தரமும் இணைந்த" என்று தொடங்கி ஒரு பக்கம் இருக்கிறதே, அதை யார் தேடுவார்கள்? பெங்களூரில் வீடு கட்டுகிற ஒருத்தி ராத்திரி பதினொரு மணிக்கு என்ன அடிப்பாள்? சதுர அடி என்ன விலை, பதிக்க ஆள் நீங்களே அனுப்புவீர்களா, லாரியில் வரும்போது எத்தனை உடையும், பாத்ரூமில் போட்டால் வழுக்குமா, ஆசிட் ஊற்றிக் கழுவலாமா. இதே கேள்விகளுக்கு மாமா தினமும் போனில் பதில் சொல்கிறார். நான் அங்கே இருந்த இரண்டு நாளில் "ஆசிட் பட்டா சிமெண்டுதான்மா அரிக்கும், வெறும் தண்ணி போதும், நடக்க நடக்கத்தான் பளபளப்பு" என்று மூன்று பேரிடம் சொன்னார். அது உன் சைட்டில் எங்கேயாவது இருக்கிறதா?

மாமா பேசும்போது ரெக்கார்ட் போடு. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். அவர் பேசுகிற மாதிரியே எழுது, அழகுபடுத்தாதே. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றுகிற வீடியோவை அந்தப் பக்கத்தில் போடு, முகப்பில் வேண்டாம். ஆத்தங்குடியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அத்தனையையும் அடுக்கி வைக்காதே, படிக்கிறவனுக்கு எரிச்சல் வரும். ஜனங்கள் எப்படி அடித்துத் தேடி உன்னிடம் வருகிறார்கள் என்று சர்ச் கன்சோலிலேயே தெரியும், 16 மாதக் கணக்கு வைத்திருக்கும். மாதம் ஒருமுறை சேர்ந்து பார்ப்போம்.

லிங்க் வேண்டுமென்றால் உன் டைல்ஸ் போட்ட ஆர்க்கிடெக்டுகளைக் கேள். அவர்கள் சைட்டில் அந்த வீட்டுப் படம் இருந்தால் கீழே உன் பட்டறைப் பெயரைப் போடச் சொல். மேப்பில் உன் கடையைப் பதிந்து வைத்திருக்கிறாய், நல்லது. ஆனால் வகை 'ஹார்டுவேர் கடை' என்று இருக்கிறது, மாற்று. ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்லாதே, அது கூகுள் விதிக்கு விரோதம். தரை போட்டு முடித்து, அவர்களே போட்டோ அனுப்பிச் சந்தோஷப்படுவார்கள் பார், அப்போது கேள்.

இப்போது கூகுளே மேலே ஏஐ வைத்துப் பதில் சொல்லிவிடுகிறதே, இனி யார் உள்ளே வருவார்கள் என்று கேட்டாய். நியாயமான பயம்தான். ஆத்தங்குடி டைல்ஸ் என்றால் என்ன என்று கேட்பவன் மேலேயே படித்துவிட்டுப் போய்விடுவான், போகட்டும். 800 சதுர அடிக்கு வாங்கப்போகிறவள் ஓர் ஆளிடம் பேசாமல் பணம் அனுப்ப மாட்டாள்.

எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்காதே. சில மாற்றம் சில மணி நேரத்தில் தெரியும், சிலதுக்குப் பல மாதம் ஆகும். பொங்கலுக்குள் உன் பட்டறைப் பெயரை அடித்தாலாவது நீ வருவாய், அதற்கு நான் பொறுப்பு.

ஒரு விஷயம் மாமாவிடம் கேட்டுச் சொல். தேவகோட்டையில் அம்மா வீட்டு முன்கட்டில் போன வருஷம் மாற்றிய டைல்ஸ் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. துடைத்தால் போகிறது, ஒரு வாரத்தில் மறுபடி வருகிறது. நானும் நெட்டில் அரை மணி நேரம் தேடிவிட்டேன், ஒருவரும் உருப்படியாகச் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் தடவலாமா, இல்லை காயட்டும் என்று விட வேண்டுமா? அவர் சொல்வதை ரெக்கார்ட் பண்ணியே அனுப்பு, அதுவே உன் முதல் பக்கமாக இருக்கட்டும்.

உன்
வசந்தி