அணைக்கரையில் கை கொடுத்த அண்ணனுக்கு நன்றி

நீர்த்தேக்கத்தில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு) இறக்க வழி காட்டிய அண்ணனுக்குத்தான் இந்தப் பதிவு. பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டதில் மட்டம் நன்றாக இறங்கியிருந்தது. படகு இறக்கும் கான்கிரீட் சரிவு முடிகிற இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே வெறும் வண்டல். மேலே காய்ந்து வெடித்திருந்த அதில் துடுப்பைக் குத்திக் காட்டினீர்கள். பாதிக்குமேல் உள்ளே போனது. அப்புறம் சரளைக்கல் கிடந்த மேட்டுப்பக்கம் கூட்டிப்போய், கயாக்கின் ஒரு முனையை நீங்களே தூக்கிக்கொண்டீர்கள்.

அதைவிடப் பெரிய உதவி, நீங்கள் சொன்னவை. மட்டம் குறைந்தால் மூழ்கிய மரக்கட்டைகள் நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். பழைய ஆற்றுப் போக்கை ஒட்டிப் போனால் ஆழம் கிடைக்கும். அணைக்கு முன்னால் எல்லையாகக் கட்டியிருக்கும் மிதவை வரிசையைத் தாண்டவே கூடாது. மதகு திறந்திருந்தால், மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணீர் அடியில் இழுக்கும். காற்று எழுந்தால் நடுப்பகுதியில் அலை கிளம்பும், கரையோரமாகவே திரும்பு என்றீர்கள். சொன்னபடியே ஆனது. (அங்கிருந்த அறிவிப்புப் பலகையில் இதில் ஒன்றுகூட இல்லை!)

என் உயிர்காப்பு மேலங்கியின் தளர்ந்த வாரை இழுத்துக் கட்டிவிட்டதற்குத் தனியாக ஒரு நன்றி, அண்ணே.