ரத்த எண்ணிக்கை அறிக்கையில் தடித்த எழுத்தை மட்டும் பார்ப்பது போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிபிசி எனப்படும் முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஹீமோகுளோபின் என்ன செய்கிறது, வெள்ளையணுக்கள் ஏன் கூடுகின்றன, தட்டணுக்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் எளிமையாக விளக்கியிருந்தது பாராட்டுக்குரியது. ஆனால் கட்டுரையின் முடிவில், அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களை மட்டும் மருத்துவரிடம் காட்டினால் போதும், மற்றவை இயல்பானவை என்று எழுதப்பட்டிருந்தது. ரத்தவியல் ஆய்வகத்தில் நாள்தோறும் இந்த அறிக்கைகளோடு புழங்குபவன் என்ற முறையில், அந்த வரி திருத்தப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தடித்த எழுத்து பல சமயம் வீண் அச்சத்தை உண்டாக்குகிறது. சாதாரண எழுத்து சில சமயம் நோயை மூடி மறைத்துவிடுகிறது. இரண்டில் பின்னதுதான் எனக்குப் பெரிய கவலை.

அறிக்கையின் வலப்பக்கத்தில் இருக்கும் இயல்பு வரம்பு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பலரும் அறிவதில்லை. ஆரோக்கியமானவர்கள் எனக் கருதப்படும் ஒரு கூட்டத்தாரின் ரத்தத்தை அளந்து, நடுவில் அமையும் 95 விழுக்காட்டினரின் மதிப்புகளை எடுத்துக்கொண்டு, மேலும் கீழும் 2.5 விழுக்காட்டினரை வெட்டிவிடுவதே பொதுவான வழக்கம். ஆகவே, எந்த அளவீட்டை எடுத்தாலும், நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் வரம்புக்கு வெளியே நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 அளவீடுகளை ஒருவருக்குச் செய்தால், அவர் முழு நலத்தோடு இருந்தாலும் ஏதாவது ஒன்று வரம்பைத் தாண்டுவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ரத்த எண்ணிக்கையின் அளவீடுகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் இந்த வாய்ப்பு சற்றுக் குறையும் என்றாலும், ஒரே ஒரு எண் மயிரிழையில் வரம்பைக் கடந்ததற்காகத் தூக்கம் தொலைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மறுபக்கம்தான் முக்கியமானது. மொத்த மக்களுக்கான வரம்பு அகலமானது. ஒரு தனி மனிதரின் எண்களோ, அவர் நலமாக இருக்கும்வரை, அந்த அகலத்துக்குள் மிகக் குறுகிய ஓர் இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. 2024 டிசம்பரில் நேச்சர் ஆய்விதழ் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒவ்வொருவருக்கும் உரிய இந்த நிலைப்புள்ளி பல ஆண்டுகள் மாறாமல் இருப்பதையும், ஆளுக்கு ஆள் தெளிவாக வேறுபடுவதையும் காட்டியது. ஒருவர் தன் நிலைப்புள்ளியிலிருந்து நகர்வதை அச்சடித்த வரம்பு காட்டிக்கொடுக்காது. அவருடைய பழைய அறிக்கைகள்தான் காட்டிக்கொடுக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மாதவிடாய் நின்று சில ஆண்டுகளான ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் முதலாண்டில் 14.2 கிராம், அடுத்த ஆண்டில் 13.1, மூன்றாம் ஆண்டில் 12.3 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்சிவி 90-லிருந்து 86-க்கும், பிறகு 82-க்கும் இறங்குகிறது. சிவப்பணுக்களின் பருமன் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்லும் ஆர்டிடபிள்யூ 13-லிருந்து 14.4-க்கு ஏறுகிறது. தட்டணுக்கள் 2,40,000-லிருந்து 3,90,000 ஆகின்றன. மூன்று அறிக்கைகளிலும் தடித்த எழுத்து ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் ஹீமோகுளோபின் 12-க்கு மேல், எம்சிவி 80-க்கு மேல், ஆர்டிடபிள்யூ 14.5-க்குக் கீழ், தட்டணுக்கள் நான்கரை லட்சத்துக்குக் கீழ். ஆனால் நான்கு எண்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன: உடலில் இரும்புச்சத்து கரைந்துகொண்டிருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்பு எங்கே போகிறது என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியின் விடை சில சமயம் பெருங்குடலில் சொட்டுச் சொட்டாகக் கசியும் ஒரு புற்றாக இருக்கும். இரும்புக் குறைபாட்டில் முதலில் வற்றுவது ஃபெரிட்டின் என்னும் சேமிப்பு; ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் வரம்புக்குக் கீழே விழுகிறது. அது விழும்வரை காத்திருப்பது, நோய்க்கு ஓராண்டோ இரண்டாண்டோ கால அவகாசம் கொடுப்பதாகும்.

மேலே சொன்ன தட்டணு எண்ணிக்கையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். தட்டணுக்கள் குறைந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். கூடினால் யாரும் பொருட்படுத்துவதில்லை. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் சென்றவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 40 வயதைக் கடந்து, தட்டணுக்கள் 4 லட்சத்துக்கு மேல் இருந்த ஆண்களில் 11.6 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 6.2 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டது. எண்ணிக்கை இயல்பாக இருந்தவர்களில் இது முறையே 4.1, 2.2 விழுக்காடு மட்டுமே. தொற்று, இரும்புக் குறைபாடு, அழற்சி என்று தட்டணுக்கள் கூடுவதற்குச் சாதாரணக் காரணங்களும் நிறைய உண்டு. ஆகவே உடனே அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் வேறு காரணம் தெரியாமல் மறு பரிசோதனையிலும் உயர்ந்தே இருந்தால், அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. புதிதாக எந்தச் சோதனையும் செய்யாமல், ஏற்கெனவே கோப்புகளில் கிடந்த எண்களிலிருந்தே இந்த உண்மை எடுக்கப்பட்டது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கருவி தரும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்பது அடுத்த செய்தி. 1852-இல் கார்ல் ஃபியரோர்ட் முதன்முதலாக ரத்த அணுக்களை எண்ணியபோது ஒரு மாதிரிக்கு மணிக்கணக்கில் நுண்ணோக்கியின் முன் உட்கார வேண்டியிருந்தது. நுண்ணிய துளை வழியாக ஓர் அணு நுழையும்போது மின்தடை சிறிது உயர்வதை வைத்து அணுக்களை எண்ணும் முறைக்கு வாலஸ் கூல்ட்டர் 1953-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கருவிகள் அதே வேலையை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகின்றன. ஆனால் துளை வழியே போவது தட்டணுவா, உடைந்த சிவப்பணுவின் துண்டா என்பதை அந்த முறை பருமனை மட்டுமே வைத்து முடிவு செய்கிறது. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் சேர்க்கப்படும் இடிடிஏ என்னும் பொருள், சிலருடைய தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. அந்தத் திரள்களைக் கருவி தட்டணு என்று எண்ணுவதில்லை. விளைவு, உடலில் ரத்தம் கன்றிய தடம் ஒன்றுகூட இல்லாத ஒருவருக்கு 40,000 என்று அறிக்கை வருகிறது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றி, பூச்சு மெலிந்து முடியும் ஓரத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், ஊதா நிறத்தில் கொத்துக்கொத்தாக நிற்கும் தட்டணுக்கள் கண்ணுக்கு நேராகத் தெரியும். இடிடிஏவுக்குப் பதிலாக சிட்ரேட் என்னும் உறைதடுப்புத் திரவம் உள்ள குழாயில் மீண்டும் ரத்தம் எடுத்து எண்ணி, அந்தத் திரவத்தால் நீர்த்துப்போனதற்காக 1.1-ஆல் பெருக்கினால் பெரும்பாலோருக்குச் சரியான எண்ணிக்கை கிடைத்துவிடும். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் விட்டதால் எலும்பு மஜ்ஜைச் சோதனைக்கும், தேவையில்லாத ஸ்டீராய்டு சிகிச்சைக்கும் ஆளானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

எம்சிவி ஒரு சராசரி என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரும்புக் குறைபாடு சிவப்பணுவைச் சிறிதாக்கும். பி12 குறைபாடு பெரிதாக்கும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வந்தால் சராசரி 88 என்று அழகாக அச்சாகும். உயர்ந்த ஆர்டிடபிள்யூவும் ரத்தப் பூச்சும் மட்டுமே அங்கே உண்மையைச் சொல்லும். வெள்ளையணு வகைகளின் விழுக்காடும் இப்படித்தான் ஏமாற்றும். மொத்த வெள்ளையணு 3,000, லிம்போசைட் 60 விழுக்காடு, நியூட்ரோபில் 30 விழுக்காடு என்று வந்தால், லிம்போசைட் கூடிவிட்டது என்றே பலரும் படிக்கிறார்கள். கணக்குப் போட்டால் லிம்போசைட் 1,800, அதாவது இயல்பே; நியூட்ரோபில் வெறும் 900, அதாவது இயல்பைவிடக் குறைவு. கவனிக்க வேண்டியது அந்த 900. விழுக்காட்டை விட்டுவிட்டு நேரடி எண்ணிக்கையை முன்னிறுத்தும்படி ஆய்வகங்கள் தங்கள் படிவங்களை மாற்றிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆராய்ச்சியிலும் இதே குறைகள், இன்னும் பெரிய அளவில், தலைகாட்டுகின்றன. ரத்த எண்ணிக்கை எங்கும் செய்யப்படுவது, எண்களாகச் சேமிக்கப்படுவது, ஆண்டுக்கணக்கில் தொடர்வது என்பதால் ஆய்வாளர்களுக்கு அது ஒரு சுரங்கம். சுமார் 5 லட்சம் பேரைக் கொண்ட யுகே பயோபேங்க் என்னும் பிரிட்டனின் மருத்துவத் தகவல் வங்கியின் தரவுகளிலிருந்து, அணுக்களின் எண்ணிக்கையையும் பருமனையும் தீர்மானிக்கும் மரபணு வேறுபாடுகள் பெருமளவில் கண்டறியப்பட்டிருக்கின்றன. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஆர்டிடபிள்யூ உயர்ந்திருப்பது மோசமான விளைவுகளோடு சேர்ந்து வருவதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் பிறகு பல்வேறு நோய்களில் அதே தொடர்பு சொல்லப்பட்டது. எல்லா நோயிலும் உயரும் ஓர் எண், எந்த நோய் என்று சொல்லாது. இந்த எளிய உண்மையை நினைவில் வைத்துப் படித்தால், இத்தகைய கட்டுரைகளின் முடிவுகளை அளவோடு ஏற்கலாம்.

தட்டணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்பிவி பற்றிய ஆய்வுகள் எனக்கு மேலும் உறுத்தலாக இருக்கின்றன. இடிடிஏ குழாயில் இருக்க இருக்கத் தட்டணு உப்புகிறது; ரத்தம் எடுத்து அரை மணி நேரத்தில் அளந்த எண்ணும், நான்கு மணி நேரம் கழித்து அளந்த எண்ணும் ஒன்றாகா. எப்போது எடுத்தார்கள், எப்போது அளந்தார்கள், எந்தக் கருவியில் அளந்தார்கள் என்று எழுதாத ஆய்வை மற்றொன்றோடு ஒப்பிட வழியில்லை. நியூட்ரோபில், லிம்போசைட் விகிதத்தைப் பற்றிய கட்டுரைகளிலும், கையிலுள்ள தரவுக்கு எது பொருந்துகிறதோ அதையே எல்லைக்கோடாகப் பின்னால் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இருக்கிறது. அந்த எல்லைக்கோட்டைப் புதிய நோயாளிகளிடம் சோதிக்காமல் நடைமுறைக்குக் கொண்டுவரக் கூடாது.

யாருடைய ரத்தத்தை அளந்து வரம்பு வகுத்தோம் என்ற கேள்வி நீதி சார்ந்தது. ஆப்பிரிக்க, அரேபிய மரபினர் பலருடைய சிவப்பணுக்களின் மேல் டஃபி என்னும் புரதம் இருப்பதில்லை. அவர்களுக்கு ரத்தத்தில் ஓடும் நியூட்ரோபில் எண்ணிக்கை பிறப்பிலேயே குறைவு. அதனால் தொற்று நோய் அதிகம் வருவதும் இல்லை. ஐரோப்பிய மரபினரை அளந்து வகுத்த வரம்பை அவர்கள்மேல் போட்டதன் விளைவாக, நலமாக இருந்தவர்கள் தேவையற்ற சோதனைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். புற்றுநோய் மருந்தின் அளவு குறைக்கப்பட்டது அல்லது தள்ளிப்போடப்பட்டது. மருந்து ஆய்வுகளில் சேரும் வாய்ப்பும் மறுக்கப்பட்டது. ஒரு தவறான கோடு இத்தனை பேரின் சிகிச்சையைத் தொட்டிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும், லிம்போசைட்டே மிகுதியாக இருக்கும் சிறு குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கான வரம்பையே அச்சிட்டுக் கொடுக்கும் படிவங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஆய்வகங்கள் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. புதிய எண்ணுக்குப் பக்கத்தில் முந்தைய இரண்டு மூன்று அறிக்கைகளின் எண்களையும் நாளையும் அச்சிடலாம். ரத்தம் எடுத்த நேரத்தையும் அளந்த நேரத்தையும் குறிக்கலாம். கருவி எச்சரித்த மாதிரிகளில் ரத்தப் பூச்சைப் பார்த்தவர் என்ன கண்டார் என்று ஒரு வரி எழுதலாம். வாசகர்கள் பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாமல் நாள்வாரியாக அடுக்கி வைத்து, மருத்துவரிடம் போகும்போது முழுக் கட்டையும் எடுத்துச் செல்லலாம்.

நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. டெங்கு பரவும் காலத்தில் வரும் செய்திகளில் தட்டணு எண்ணிக்கை மட்டுமே தலைப்பாகிறது. ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவதுதான் டெங்குவில் பலருடைய உயிருக்கு ஆபத்தாகிறது. அதைக் காட்டுவது, ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்று சொல்லும், பிசிவி எனப்படும் ஹீமட்டோகிரிட். தட்டணுக்கள் வேகமாகக் குறையும்போதே ஹீமட்டோகிரிட் ஏறினால் அது எச்சரிக்கைக் குறி என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. காய்ச்சல் விட்டதும் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுபவர்களுக்கு இந்தக் கசிவு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, தட்டணு எண்ணோடு ஹீமட்டோகிரிட்டைப் பற்றியும், கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறுகளில் ரத்தக் கசிவு, சோர்ந்து துவளுதல் ஆகிய குறிகளைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரத்தவியல் ஆய்வகப் பணியாளர் ஒருவர்