மூடியில் படிக்க முடிகிற லோகோ

அன்பு மகளுக்கு,

உன் செக்கு எண்ணெய்க்காக நீ அனுப்பிய மூன்று லோகோவையும் பார்த்தேன். வெறும் சொட்டு மட்டும் போட்ட முதல் படம் அழகுதான், ஆனாலும் வேண்டாம் கண்ணு. பெயர் ஜனங்கள் மனதில் ஊறின பிறகுதான் சின்னம் தனியாக நிற்கும். 1971ல் கடை திறந்த ஸ்டார்பக்ஸே 2011ல்தான் லோகோவிலிருந்து பெயரை எடுத்தது. உன் எண்ணெய்க்கு இது முதல் வருஷம். வாங்கினவர் மறுபடி கடைக்குப் போய் என்ன பெயர் சொல்லிக் கேட்பார்? அதோடு, எண்ணெய் என்றாலே எல்லாரும் சொட்டும் இலையும்தான் போடுகிறார்கள்.

இரண்டாவது, செக்கும் மாடும் நடுவில், சுற்றிலும் எழுத்து. சுவரில் மாட்டினால் கம்பீரமாக இருக்கும். ஆனால் பாட்டில் மூடி 28 மி.மீ. அதில் அந்தச் சுற்றெழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். அட்டைப்பெட்டியில் மை பரவும்போது முதலில் அடைபட்டுப் போவது 'ண', 'ணெ' எழுத்துகளின் சுழிகள். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் 'ண்' என்பது 'ண' ஆகிவிடும், பெயரே மாறிப்போகும். தமிழில் பெயர் வைக்கிறவர்கள் இதைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள்.

மூன்றாவதை எடு. பெயர் பெரிதாக, பக்கத்தில் சின்னதாக உரல். புள்ளியை மட்டும் எழுத்துக்கோட்டை விடக் கொஞ்சம் தடிப்பாக்கி, தள்ளி வைக்கச் சொல். உரல் தனியாகவும் நிற்க வேண்டும், வாட்ஸ்அப் வட்டத்துக்குள் அதுதான் போகும். நிறம் நிறமாகக் கரைகிற கிரேடியன்ட் வேண்டாம், ரப்பர் ஸ்டாம்பில் வராது. பச்சை வட்டமும் வேண்டாம், லேபிளில் சைவக்குறி ஏற்கெனவே இருக்கிறது.

நிறம் தேர்வதற்கு முன் கறுப்பில் மட்டும் 15 மி.மீ. அகலத்துக்குப் பிரின்ட் எடு. அதை ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் போடு. கையை நீட்டிப் பிடித்துப் பார். பெயர் படிக்க வந்தால் சரி.

டிசைனரிடம் ஜேபெக் மட்டும் வாங்கி வந்துவிடாதே. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல் வேண்டும், அதில் எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரஸ்ஸில் திறக்கும்போது ஃபான்ட் மாறி எழுத்து உடையும். உரிமையை உனக்குத் தந்ததாகக் கையெழுத்தும் வாங்கு.

டிரேட்மார்க்குப் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், சமையல் எண்ணெய்க்கு வகுப்பு 29. தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். முதலில் பெயரை வெறும் எழுத்தாகப் பதிவு செய், பிறகு லோகோவை எப்படி மாற்றினாலும் பெயருக்குப் பாதுகாப்பு இருக்கும். 'மரச்செக்கு' பொருளைச் சொல்லும் சொல், அதை மட்டும் வைத்து உரிமை கேட்க முடியாது.

திருத்தின படம் வந்ததும் அனுப்பு. அதுவரை போர்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

அப்பா