ராஜினாமா மட்டும் எழுதி வாங்காதே, மாப்ள

மதுரை,
12.11.2025

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். நெட்டையன் மகளுக்கு நிச்சயம் ஆகிவிட்டதாம், தை மாதம் திருமங்கலத்தில் கல்யாணம். இந்த முறையாவது சாம்பார் வாளியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நீ பந்தியில் உட்கார வேண்டும்.

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. கப்பலூர் யூனிட்டை மூடுகிறார்கள், நவம்பர் 30-இல் எல்லோரையும் விடுவிக்கிறார்கள், கடிதம் கொடுக்க வேண்டிய ஆள் நீ. செட்டில்மென்ட், பி.எஃப். எல்லாம் கேட்பார்கள், அதற்குப் பதில் உன்னிடம் இருக்கும். ஆனால் 1-ஆம் தேதி காலையில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் எந்த அட்டையைக் காட்டுவது என்று கேட்டால் என்ன சொல்வாய்? போனில் பேசினால் தேதியும் கணக்கும் நிற்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "சுமுகமாக முடியட்டும்" என்று மேலே இருப்பவர்கள் எல்லோரிடமும் ராஜினாமாக் கடிதம் வாங்கச் சொல்வார்கள். வாங்காதே. இ.எஸ்.ஐ.யில், அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டில், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பாலோ ஆலை மூடியதாலோ வேலை போனவருக்கு, இரண்டு வருடச் சந்தா கட்டியிருந்தால், 24 மாதம் வரை உதவித்தொகை உண்டு. முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். அந்தக் காலம் முழுக்க அவருக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியமும் உண்டு. தானாக விலகியவருக்கு இது கிடையாது. ஒரு கையெழுத்தில் இரண்டு வருட வைத்தியம் போய்விடும், மாப்ள. அந்தப் பாவம் உன் கையால் நடக்க வேண்டாம்.

கடிதம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. மாதாமாதம் இ.எஸ்.ஐ. போர்ட்டலில் சந்தா ஏற்றும்போது, வெளியேறியவருக்குக் காரணம் போடுகிற கட்டம் ஒன்று வருமே, அதில் உங்கள் அக்கவுண்ட்ஸ் பையன் பழக்கத்தில் எல்லோருக்கும் "லெஃப்ட் சர்வீஸ்" என்று தட்டிவிடுவான். "ரிட்ரெஞ்ச்மென்ட்" (ஆட்குறைப்பு) என்று தனியாக இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். கடிதம் ஒன்று சொல்லி, கம்ப்யூட்டர் வேறொன்று சொன்னால், கிளை அலுவலகத்தில் மனு அப்படியே கிடக்கும். அந்தப் பையன் பக்கத்தில் நீயே உட்கார்ந்து போட வை.

அடுத்தது தேதி. சண்டை போட்டாவது இதை மாற்று. இரண்டு வருடச் சந்தா இல்லாமல் அந்த உதவித்தொகைக்குள் வராதவர்களுக்கு இந்தத் தேதிதான் எல்லாம். இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதலாவதில் 78 நாளுக்குச் சந்தா இருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வைத்தியம். இரண்டாவதில் 78 நாள் இருந்தால் ஜூலை முதல் டிசம்பர் வரை. நவம்பர் 30-இல் விடுவித்தால், மாதம் 26 நாள் என்று வைத்தால்கூட அக்டோபரும் நவம்பரும் சேர்ந்து 52 நாள்தான். அதனால் பழைய காலத்துக் கணக்கில் 2026 ஜூன் 30 வரைக்கும்தான் ஓடும். டிசம்பர் முழுக்க வைத்தால் சரியாக 78. ஆனால் யாராவது ஒரு நாள் சம்பளமில்லாத லீவு எடுத்திருந்தால் 77-இல் நின்றுவிடும். ஜனவரி முதல் வாரம் வரை இழுத்துவிடு. அப்போது 2026 டிசம்பர் 31 வரை தத்தனேரி ஆஸ்பத்திரியும் மருந்தகமும் அவர்களுக்குத் திறந்திருக்கும். எப்படியும் ஒரு மாத நோட்டீஸோ அதற்குப் பதில் பணமோ கொடுக்கத்தானே வேண்டும்? பணமாகக் கொடுத்துக் கணக்கை முடிக்காமல், அந்த மாதத்தை வேலை மாதமாகவே கொடுக்கச் சொல். வெளியேறிய தேதிக்குப் பிறகு ஒரு நாள்கூட ஏறாது.

ஓய்வு வயதை நெருங்கிவிட்ட பெரியவர்கள் விஷயம் வேறு. ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதிலோ விருப்ப ஓய்விலோ வெளியே வருபவருக்கு மாதம் 10 ரூபாய், அதாவது வருடத்துக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் வைத்தியம் தொடரும். ஆனால் விருப்ப ஓய்வு வாங்கினால் அந்த 24 மாத உதவித்தொகை இல்லை. இரண்டில் எது என்பது வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டயாலிசிஸில் இருக்கிற மனைவி என்றால் நான் 120 ரூபாய் வழியைத்தான் சொல்வேன். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேசு, நோட்டீஸ் போர்டில் ஒட்டி முடிக்கிற சமாசாரம் இல்லை இது.

இ.எஸ்.ஐ.யில் இருக்கிற நம் ஆட்களுக்காக உனக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஆதார் இணைப்பு, மனைவி மக்கள் பெயர், வங்கிக் கணக்கு மூன்றையும் கம்பெனி லாகின் இருக்கும்போதே சரிபார். வங்கிகள் இணைந்த பிறகு பலருடைய ஐ.எஃப்.எஸ்.சி. எண் (வங்கிக் கிளையின் குறியீடு) மாறியிருக்கிறது. பழைய எண்ணுக்குப் போன பணம் திரும்பிவிடும். திரும்பினால் அலைச்சல் அந்த மனுஷனுக்கு.

இனி, சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான மாதம் 21,000-ஐத் தாண்டியவர்கள். சூப்பர்வைசர், ஆபீஸ் ஆட்கள் எல்லாம் கம்பெனி மொத்தமாக எடுத்த மருத்துவக் காப்பீட்டில், அதாவது குரூப் பாலிசியில் இருப்பார்கள். பொதுவாக வேலை போன அன்றே அதுவும் போய்விடும். எனக்கு உண்மையிலேயே பயம் இவர்களைப் பற்றித்தான். இ.எஸ்.ஐ. ஆளுக்காவது சில மாதம் மூச்சுவிட இடம் இருக்கிறது.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் வெளியே போய்ப் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். எந்த நோயானாலும் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் பணம். ஆனால் அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியிலேயே குரூப்பிலிருந்து தனிப் பாலிசிக்கு மாறுகிற உரிமை இருக்கிறது. மாறினால், குரூப்பில் இருந்த வருடங்கள் காத்திருப்பில் கழியும், பழைய காப்புத் தொகை அளவுக்கு. மூன்று லட்சத்தில் இருந்தவர் பத்து லட்சம் எடுத்தால் மூன்று லட்சத்துக்குத்தான் அந்தச் சலுகை. வேறு கம்பெனி பிடித்திருந்தால் அடுத்த புதுப்பித்தலில் போகலாம், இப்போது வேண்டாம். மாற்றத்துக்கு மனுவை விடுவிப்புத் தேதிக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவதுதான் பத்திரம். அதனால் நீ இந்த வாரமே இன்ஷூரன்ஸ்காரரிடம் ஒவ்வொருவருக்கும், எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு தொகைக்கு, குடும்பத்தில் யார் யார் என்று எழுதிய சான்றைக் கேள். இ-கார்டு மட்டும் போதாது, அதில் தொடக்கத் தேதி எல்லாம் வராது.

பிரீமியம் கையைக் கடிக்கும், அதை மறைக்காமல் சொல்லிவிடு. செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அந்த 18 சதவீதம் மிச்சம். செட்டில்மென்ட் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டு வைத்துச் சொல்.

உங்கள் குரூப் பாலிசி எந்த மாதம் முடிகிறது? மார்ச் என்றால், அதுவரை இவர்களை நீக்காமல் வைக்க முடியுமா என்று முதலாளியையும் இன்ஷூரன்ஸ்காரரையும் கேள். வருடப் பிரீமியம் கட்டியாகிவிட்டது. நடுவில் பெயரை எடுத்தால் மிச்ச நாளுக்குக் கொஞ்சம் பணம் கம்பெனிக்குத் திரும்பும், ஆனால் அந்த வருடம் க்ளைம் வாங்கிய ஆளுக்குப் பெரும்பாலும் அதுவும் திரும்பாது. அதிகம் போராட வேண்டியது கர்ப்பமாக இருக்கிற பெண்கள் உள்ள வீடுகளுக்காக. குரூப்பில் பிரசவத்துக்குப் பொதுவாகக் காத்திருப்பு இராது. தனிப் பாலிசியில் எடுத்தவுடனே பிரசவச் செலவு கிடைக்கும் என்று நம்பவே கூடாது.

ஒன்றிலும் அடங்காதவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். வருடத்துக்கு 5 லட்சம் வரை. சான்று கேட்கும்போது நீ கொடுக்கிற ஆட்குறைப்புக் கடிதத்தின் நகல் கையில் இருக்கட்டும், வருமானம் நின்றதற்கு அதுதான் ஆதாரம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பு: பெயர், வயது, சம்பளம், இ.எஸ்.ஐ.யா குரூப்பா, சேர்ந்த தேதி, வீட்டில் மருந்து சாப்பிடுகிறவர் யார். அக்டோபரிலிருந்து சம்பளமில்லாத லீவு எடுத்தவர்களைத் தனியாகக் குறித்து அனுப்பு, அவர்களுடைய 78-ஐ முதலில் எண்ண வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்ள