டோட்டல் சரி, ஆளைத்தான் காணோம்

அன்புள்ள வேலு,

நீ அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் பதிலே போடாமல் இருந்துவிட்டு இப்போது இவ்வளவு நீளமாக எழுதினால் திட்டத்தான் செய்வாய், திட்டிக்கொள். பேத்தி காதுகுத்துப் படங்கள் பார்த்தேன். குழந்தை உன் சம்சாரம் சாயல், தப்பித்தது. மீசைக்காரர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருக்கிறார், இந்த வயதிலும் அந்த அவசரம் போகவில்லை பார். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் அப்படியே இருக்கிறது, மழையும் அப்படியே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தின் பழைய அடுப்பு வரிப் பட்டியலை அச்சிட்ட புத்தகம் ஒன்றை மூலத்தோடு ஒத்துப் பார்க்கிற வேலையைப் பற்றிப் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "ஆயுசு பூரா ஆடிட் பண்ணினது போதாதா, செத்துப்போன வெள்ளைக்காரன் கணக்கையும் டிக் அடிக்கணுமா?" அன்றைக்கு நானும் சிரித்தேன். இப்போது அதே வேலையால் தூக்கம் கெட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறேன், உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் இதில் என்ன இருக்கிறது என்பார்கள்.

முதலில் கதை. இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் ராஜாவுக்குப் பணம் பற்றவில்லை. 1662இல் பார்லிமென்ட் ஒரு வரி போட்டது: வீட்டில் எத்தனை அடுப்பு, எத்தனை கணப்பு இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 2 ஷில்லிங். மார்ச் 25ஆம் தேதி பாதி, செப்டம்பர் 29ஆம் தேதி பாதி. ஆளை எண்ணினால் ஒளிந்துகொள்வான், புகைபோக்கியை எங்கே ஒளிப்பது? ஊர் கான்ஸ்டபிள் எண்ணி எழுதிக் கொடுப்பார், அதைக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) குமாஸ்தா பேரேட்டில் ஏற்றி ஒரு பிரதியை அங்கேயே வைத்துக்கொண்டு இன்னொரு பிரதியை லண்டனில் கஜானாவுக்கு அனுப்புவார். அப்படி லண்டன் போனவைதான் இப்போது லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் "இ 179" என்ற வரிசையில் கிடக்கின்றன. 1664இல் புதுச் சட்டம் வந்து, வீட்டுக்குள் புகுந்து எண்ணிப் பார்க்கவே தனி ஆட்களை அனுப்பினார்கள். ஜனங்களுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. சர்ச்சில் என்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு ஊர், அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரப் பெண்மணி வரிக்குப் பயந்து தனிப் புகைபோக்கி வைக்காமல் சுவரைக் குடைந்து பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் சேர்த்துவிட, 1684இல் ஊரில் இருபது வீடுகள் தீக்கிரையாகிவிட்டன என்று சொல்கிறார்கள். கடைசியில் 1689இல் வில்லியமும் மேரியும் ராஜா ராணியாக வந்ததும், முன்பின் தெரியாதவன் வீடு புகுந்து தேடுவது ஜனங்கள் எல்லோருக்கும் அடிமைச் சின்னம் என்று சட்டத்திலேயே எழுதி வரியை ஒழித்தார்கள். நம் துறைக்கு அப்படி ஒரு பாராட்டுப் பத்திரம் யாரும் கொடுத்ததில்லை!

இந்தப் பட்டியல்களை நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தந்தக் கவுண்டி சரித்திரச் சங்கங்கள் அச்சில் போட்டன. பாதிரியார்கள், ஓய்வுபெற்ற கர்னல்கள், பொழுதுபோகாத வக்கீல்கள், இவர்கள்தான் உட்கார்ந்து பிரதி எடுத்தவர்கள். எங்கள் ஊர் வரலாற்றுக் குழு அப்படி ஒரு புத்தகத்தை மூலத்தோடு ஒத்துப் பார்க்கிறது. எந்தப் புத்தகம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நீ தேடிப் பிடித்து எனக்கு முன்னால் தப்பு கண்டுபிடித்து மானத்தை வாங்குவாய்.

மூலத்தைப் பார்க்க நானே கியூவுக்குப் போனேன். பென்சில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள், பேனா கூடாது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தொடவேண்டும் என்று நினைத்திருந்தேன், அதெல்லாம் இல்லை, கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வந்தால் போதும். ஆட்டுத்தோல் ஏடுகள், தலைமாட்டில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். புரட்டினால் திரும்பச் சுருண்டுகொள்ளும், அதை அமுக்கிவைக்கத் துணிக்குள் ஈயக்குண்டு கோத்த கயிறு தருகிறார்கள். மேலேட்டில் அழுக்கு ஏறி எழுத்தே தெரியவில்லை, இரண்டாவது ஏட்டைத் திருப்பினால் நேற்று எழுதியது மாதிரி இருக்கிறது மை. வேறு சில கட்டுகளில் பழுப்பாகப் பெரிய கறை, அந்தக் காலத்து அறிஞர்கள் மங்கிய எழுத்தைத் தூக்கிக் காட்டக் கடுக்காய் மாதிரி ஒரு துவர்ப்புக்காய்ச் சாற்றைத் தடவியிருக்கிறார்கள், தடவிய நாளில் படித்துவிட்டார்கள், அதன்பின் யாரும் படிக்க முடியவில்லை. படம் எடுக்க அனுமதி உண்டு, காசும் இல்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நம் பழைய முறைதான். இவள் புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, நான் திரையில் மூலத்தைப் பார்த்து டிக். பெரிய எஃப் போடவேண்டிய இடத்தில் அந்தக் குமாஸ்தா இரண்டு சின்ன எஃப் போடுகிறான், புத்தகத்திலும் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள், இவள் அதை வாசிக்கும்போது அடுப்பு ஊதுகிற மாதிரியே இருக்கும். தப்புகள் வந்தன, நீ எதிர்பார்ப்பது போலத்தான். எம், என், யு எல்லாமே வெறும் நட்டுக்கோடுகள், நாலு கோட்டை எப்படிப் பிரிப்பது என்பது படிப்பவன் சாமர்த்தியம். எட்வர்டையும் எட்மண்டையும் ஒரே மாதிரி சுருக்கியிருக்கிறான். பிரான்சிஸ் ஆணா பெண்ணா என்பதும் சுருக்கத்தில் போய்விடும், இந்தப் புத்தகத்துக்குப் பிரதி எடுத்த பாதிரியார் எல்லாவற்றையும் ஆணாகவே போட்டுவிட்டார். ரோமன் எண்ணில் மூன்றும் நாலும் ஒரு கோடுதான் வித்தியாசம். ஆனால் நியாயமாகச் சொன்னால் பாதிரியார் கெட்டிக்காரர். போட்டோ கிடையாது, லண்டன் சான்சரி லேன் தெருவில் இருந்த பழைய காப்பகத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கையால் எழுதியிருக்கிறார், நம் ஆபீசில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு செய்த தப்பில் கால்வாசிகூட இல்லை.

ஒவ்வொரு ஊருக்கும் கடைசியில் அடுப்புகளின் மொத்தம் எழுதியிருக்கும். அதைத்தான் நான் நம்பியிருந்தேன். புத்தகத்தில் உள்ளதைக் கூட்டுவேன், மூலத்தின் மொத்தத்தோடு பார்ப்பேன், இடித்தால் பேர் பேராகத் தேடுவேன், இடிக்காவிட்டால் அடுத்த ஊர். "டேலியா? வீட்டுக்குப் போ" என்பாயே, அதேதான். ஊர் ஊராக டேலி. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு ஊரில் படத்தை மூடுவதற்கு முன்னால் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தேன். மொத்தம் போட்டாகிவிட்டது, அதற்குக் கீழேயும் பேர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன! புத்தகத்தைப் பார்த்தால் மொத்தத்தோடு ஊர் முடிந்துவிட்டது. வேறு ஊர்களைத் திறந்தேன், அங்கேயும் அப்படியே. எல்லாம் வரி விலக்கு பெற்றவர்கள். வீட்டின் வருஷ மதிப்பு 20 ஷில்லிங்குக்குள் இருந்தாலோ, ஊர் தர்மத்தில் வாழ்ந்தாலோ வரி கிடையாது. ஊர்ப் பாதிரியாரும் தேவாலய நிர்வாகிகளும் எழுதிக் கொடுக்க நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவேண்டும். 1663இல் சட்டத்தைத் திருத்தியபோது விலக்கு உள்ளவர்களையும் எழுதியாகவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் அவர்கள் பேரே நமக்குக் கிடைக்கிறது. ஒரு அடுப்பு, ஒரு அடுப்பு, ஒரு அடுப்பு என்று கீழே வரை. பாதிக்கு மேல் பெண்கள். சிலருக்குச் சொந்தப் பேர்கூட இல்லை, விதவை என்றும் புருஷன் குடும்பப் பேரும், அவ்வளவுதான்.

புத்தகத்தின் முன்னுரையைத் திரும்பப் படித்தேன். ஏழைகளின் பட்டியல் இடமில்லாமல் விடப்பட்டது என்று அரை வரி இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு பிரபுவின் மாளிகையில் எத்தனை அடுப்பு என்று முக்கால் பக்கம்.

என்னைப் பிடித்து உலுக்கியது இதுதான் வேலு. அந்த மொத்தம் வரி உள்ள அடுப்புகளுக்கு மட்டும்தான், விலக்கு பெற்றவர்கள் கட்டவேண்டியது சைபர். சைபரை எத்தனை பேர் விட்டாலும் கூட்டல் மாறாது. நாம் நம்பிக்கொண்டிருந்த ஒரே சோதனை இந்தத் தப்பைக் காட்டவே காட்டாது. எட்மண்டை எட்வர்ட் என்று போட்டால் ஒருவன் என்றைக்காவது கண்டுபிடிப்பான். ஊரில் மூன்றில் ஒரு வீட்டை விட்டுவிட்டால் எந்தக் கணக்கும் அழாது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் விலக்கு பெற்ற வீடுகள் அந்த அளவுக்கு இருந்தன, ஏழை ஊர் என்றால் இன்னும் அதிகம். சரித்திரக்காரர்கள் இந்தப் பட்டியலை வைத்துத்தான் ஊரின் ஜனத்தொகை சொல்கிறார்கள், வீட்டுக்கு நாலேகால், நாலரை என்று பெருக்கி. பெருக்குவதற்கு வீடே பாதி இல்லாவிட்டால்? எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு சின்ன வரலாற்றுக் கையேடு இருக்கிறது, "பதினேழாம் நூற்றாண்டில் செழிப்பான சிறு ஊர்" என்று அதில் போட்டிருக்கிறது. செழிப்பாகத்தானே இருக்கும், இல்லாதவனை எல்லாம் கழித்துவிட்டால்.

இதே வரிப் பட்டியல் எவ்வளவு பேசும் என்று உனக்கு ஒன்று சொல்கிறேன். 1666இல் லண்டன் புட்டிங் லேன் தெருவுக்கான பட்டியலில் தாமஸ் ஃபாரினர் என்ற ரொட்டிக்காரர் பேருக்கு நேராக ஐந்து கணப்பு, ஒரு ரொட்டி அடுப்பு என்று எழுதியிருக்கிறது. அந்த வருஷம் செப்டம்பர் 2ஆம் தேதி அவர் கடையில் பிடித்த தீதான் நகரத்தையே எரித்தது. அடுப்பின் எண்ணிக்கை உள்பட கணக்கில் இருக்கிறது! அப்படி ஒரு ஆவணத்தை வைத்துக்கொண்டு பாதியை வெட்டி எறிய எப்படி மனசு வரும்?

இப்போது சண்டை என்னவென்றால், எங்கள் குழுவை நடத்துபவர் அந்தப் புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்து, தேடும் வசதியோடு இணையத்தில் போட்டுவிடலாம் என்கிறார். பதிப்புரிமை போய்விட்டது, எல்லோரும் மேற்கோள் காட்டுகிற புத்தகம், சின்னச் சின்னத் திருத்தத்தைக் கடைசியில் சேர்த்தால் போதும் என்கிறார். நல்ல மனிதர், எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார். ஆனால் இணையத்தில் தேடுகிறவன் முன்னுரை படிப்பானா? தன் பாட்டனின் பாட்டன் பேரை அடிப்பான், வராது, அந்த ஊரில் அப்படி ஒரு குடும்பமே இருந்ததில்லை என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விடுவான். ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கவுண்டி கவுண்டியாக மூலத்திலிருந்து திரும்ப எடுத்து விலக்கு பெற்றவர்களையும் சேர்த்துப் பதிப்பித்திருக்கிறார்கள், அதைக் காட்டினேன். "அவர்களிடம் பணமும் ஆளும் இருக்கிறது" என்றார். எங்களிடம் இருப்பது நானும் இவளும், கண் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒரு பழைய பள்ளி ஆசிரியரும்.

உங்கள் ஊர்க் கொடைக்கு நீதானே இன்னும் தலைக்கட்டு வரி நோட்டு எழுதுகிறாய்? கட்ட முடியாதவர் பேரை என்ன செய்கிறாய், எழுதிவிட்டுச் சைபர் போடுகிறாயா, இல்லை பேரையே எழுதுவதில்லையா? சும்மா கேட்கவில்லை, பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துச் சொல். உங்கள் அப்பா எழுதிய நோட்டு இருந்தால் அதையும்.

இன்னொரு சந்தேகம், இதில் உன் பிடிவாதம் எனக்கு வேண்டும். விடுபட்ட பேர்களை எங்கே வைப்பது? குமாஸ்தா எழுதியபடி மொத்தத்துக்குக் கீழே தனியாக வைத்தால் மூலத்துக்கு விசுவாசம். எல்லோரையும் ஒரே பட்டியலில் கலந்து எதிரே விலக்கு என்று குறித்தால் தேடுகிறவனுக்கு வசதி, ஆனால் அந்த ஏட்டின் வரிசை போய்விடும். இவள் கலந்துவிடச் சொல்கிறாள். எனக்கு மனசு மூலத்தின் பக்கம்தான், ஆனால் திரும்பவும் கோட்டுக்குக் கீழேயே அவர்களை நிறுத்துவதற்கு நானே காரணமாக வேண்டுமா என்றும் இருக்கிறது. குழுவில் அடுத்த வாரம் பேசவேண்டும், அதற்குள் எழுது. குரல் செய்தி அனுப்பாதே, பாதி உன் மிக்சி சத்தம்தான் கேட்கிறது.

சாம்பிளுக்கு ஒரு பக்கம் படம் அனுப்புகிறேன், வலது ஓரத்தில் மூன்றாவது பேரைப் படித்துச் சொல், ஆசிரியரும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல். மீசைக்காரருக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டேன், அந்த முதல் பந்திப் படத்தை அவர் டாக்டருக்கு அனுப்பிவிடு.

உன்,
சிவா