ட்ராமில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி

அன்று பின்னேரம் ட்ராமில் எங்களைக் காத்தவர்களுக்கும், பிறகு எங்களைத் தனியே விடாதவர்களுக்கும் இந்த மடல். இதை ஜேர்மன் மொழியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழில் எழுதுவது, இந்த நாட்டில் வாழும் எங்கள் சனம் உங்களை அறிய வேண்டும் என்பதற்காக.

தமிழாலயத்தில் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தோம். நாங்கள் தமிழில் கதைப்பதைக் கேட்ட ஒருவன் எழுந்து வந்து கத்தினான், நாஜி வணக்கம் வைத்தான், பிறகு ஜாக்கெட்டுக்குள் இருந்து துவக்கை எடுத்து என் மகளின் பக்கம் நீட்டினான்.

ஓட்டுநர் அக்கா, நீங்கள் பதறவில்லை. தரிப்பிடத்தில் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து, "கோளாறு, அனைவரும் இறங்குங்கள்" என்று சாதாரணக் குரலில் அறிவித்தீர்கள். அவனும் குழம்பிப்போனான். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கினோம்.

பொலிஸ் அவசர இலக்கமான 110-க்கு அழைத்த ஐயா, உங்கள் அழைப்பை உடனே எடுத்தார்கள். 2020 பெப்ரவரி 19 அன்று ஜேர்மனியின் ஹனா நகரில் இனவெறியால் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்றவனைக் காரில் துரத்திய இளைஞனுக்கு, திரும்பத் திரும்ப அழைத்தும் அந்த இலக்கம் கிடைக்கவில்லை. அன்றிரவு கொல்லப்பட்ட அந்த ஒன்பது பேரில் அந்த இளைஞனும் ஒருவன். அதை அறிந்தவள் என்பதால், "வருகிறார்கள்" என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல் எனக்கு எவ்வளவு பெரிது என்று சொல்லி முடியாது.

ஆனால் நான் அதிகம் கடமைப்பட்டிருப்பது, அவன் கத்திய ஒவ்வொரு வார்த்தையையும் நேரத்தோடு போனில் குறித்துவைத்த மாணவத் தம்பிக்கு. நீ இல்லாவிட்டால் இது குடிவெறிகாரன் ஒருவனின் சண்டையாகவே பதிவாகியிருக்கலாம். உன் குறிப்பைப் பார்த்த பிறகுதான், வலதுசாரித் தீவிரவாத நோக்கம் இருக்கலாம் என்று அரசியல் குற்றங்களை விசாரிக்கும் ஸ்டாட்ஸ்ஷுட்ஸ் பிரிவு வழக்கை எடுத்தது. இனவெறி நோக்கத்தைத் தண்டனையில் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2015-இல் இருந்து சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நோக்கத்தை நிரூபிக்க அந்த வார்த்தைகள் வேண்டும். பரீட்சையை விட்டுவிட்டு வாக்குமூலம் கொடுக்க வந்தாயே, தம்பி!

விசாரித்த பெண் பொலிஸ் அதிகாரிக்கும் நன்றி. என்.எஸ்.யு. என்ற நவநாஜிக் கும்பலால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களையே 2011 வரை சந்தேகித்த நாடு இது. நீங்களோ முதலில் மகளுக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள், பிறகு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருந்தீர்கள்.

அது குண்டு பாயாத, சத்தம் எழுப்பும் வெற்றுத் தோட்டாத் துவக்கு என்று பின்னர் தெரிந்தது. "அப்ப பயமில்லைத்தானே" என்று கேட்கும் உறவுகளே, பதினெட்டு வயதானவர் யாரும் அதை வாங்கலாம், வெளியில் கொண்டுதிரியத்தான் அனுமதிப்பத்திரம் வேண்டும். பார்வைக்கு அசல் துவக்கு. கிட்ட வைத்துச் சுட்டால் அதுவும் ஆளைக் கொல்லக்கூடும். மகள் இன்னும் ட்ராமில் ஏற மறுக்கிறாள். அவளோடு பொறுமையாகக் கதைத்துவரும் ஆலோசனை நிலையத்தாருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. காசு வாங்குவதில்லை, பொலிசில் முறையிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இப்படி நடந்த எவரும் தயங்காமல் போங்கள். குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் வைஸ்ஸர் ரிங் அமைப்பின் 116 006 இலக்கத்துக்கும் இலவசமாக அழைக்கலாம்.

இன்னும் ஒருவரைத் தேடுகிறோம். துவக்குக்கும் என் மகளுக்கும் நடுவில் வந்து நின்ற அம்மா, பொலிஸ் வருவதற்குள் போய்விட்டீர்கள். அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் இதை அவரிடம் சொல்லுங்கள்: விசாரணை முடியவில்லை, உங்கள் சாட்சியம் வேண்டும். வழக்குக்காக இல்லாவிட்டாலும், மகள் உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அந்தச் சிறுமியின் தாய்