பதினைந்தாம் நாள் காயத்தை யார் பார்க்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒரு பெண் தாக்கப்பட்ட செய்தி நமது நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்திருந்தது. லேசான காயத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பினார் என்று அதில் இருந்தது. அவருக்கு மனு எழுதிக் கொடுத்தவள் நான். வீடு திரும்பியது உண்மைதான். வயலுக்கு இன்னும் திரும்பவில்லை.

மடையை அடைக்க வந்தவர்கள் அவரை வரப்பிலிருந்து தள்ளி, விழுந்தவரின் தோளில் மிதித்திருக்கிறார்கள். ரத்தம் வரவில்லை, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவும் இல்லை. அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் ‘சாதாரண காயம்’ என்று எழுதிவிட்டார்கள். காவல் நிலையத்தில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2), அதாவது வேண்டுமென்றே காயம் விளைவித்த பிரிவு என்று சொல்லி மனு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பிரிவுக்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்யவும் முடியாது.

அவர் நாற்று நடும் கூலியாள். நாற்றுமுடியை இடது கையில் பிடித்தாலும், வலது கையால் பிரித்து ஊன்ற முடியவில்லை. தோளுக்கு மேல் கை எழும்புவதில்லை, தலைக்கு எண்ணெய் வைப்பதே மகள்தான். மூன்று வாரம் ஓடிவிட்டது. கூட நட்டவர்கள் களையெடுக்கப் போய்விட்டார்கள்.

அதே சட்டத்தின் 116வது பிரிவு கொடுங்காயம் எது என்று எட்டு வகை சொல்கிறது. கண் பார்வை போவது, காது கேளாமல் போவது, முகம் நிரந்தரமாக விகாரப்படுவது, எலும்போ பல்லோ முறிவது எல்லாம் அதில் உண்டு. எட்டாவது வகையில் உயிருக்கு ஆபத்தான காயத்தோடு, 15 நாள் கடும் வலியில் துடிக்க வைக்கும் காயமும், 15 நாள் வழக்கமான வேலையைச் செய்யவிடாத காயமும் சேர்ந்தே இருக்கின்றன. 1860ஆம் ஆண்டின் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 20 நாள். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1 முதல் ஐந்து நாள் குறைந்திருக்கிறது. கூலி வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! வேண்டுமென்றே கொடுங்காயம் விளைவித்தால் 117(2)இன்படி ஏழாண்டு வரை சிறையும் அபராதமும். போலீஸே நேரடியாக வழக்குப் பதியலாம்.

ஆனால் காயத்தை எடைபோடுவது முதல் நாள் ராத்திரி. பதினைந்து நாள் கழித்து அந்தக் கை எப்படி இருக்கிறது என்று யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை நாள் படுத்திருந்தேன் என்று சொன்னால் மட்டும் கோர்ட்டில் நிற்காது. வலியோ, வேலை செய்ய முடியாததோ மருத்துவர் எழுத்தில் இருக்க வேண்டும். அடித்தவரின் நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும், அது தனிப் பாடு.

புருஷன் அறைந்து பல் உடைந்தது என்று என்னிடம் வருகிற பெண்கள்கூட “சின்ன அடிதாங்க” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பல் உடைந்தால் கொடுங்காயம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த எட்டு வகைகளையும் நமது நாளிதழ் ஒரு நாள் கட்டம் கட்டி வெளியிட வேண்டும். அடிதடிச் செய்தி எழுதும் நிருபர்கள் இரண்டு வாரம் கழித்து அடிபட்டவரை ஒருமுறை விசாரிக்க வேண்டும். மருத்துவர்களும் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லித் தேதி எழுதித் தரட்டும்.

திங்கட்கிழமை அவரை மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். 117(2) கேட்டு எழுதிய புது மனுவும் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
மனு எழுதும் பெண் ஒருவர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.